திருஷ்டிப் பூசணியைக் குடைந்தவர்கள்

செங்கேணி சொன்ன இந்தச் சங்கதியை நூலகர் கோதண்டபாணி ஒன்பது வருடம் நம்பவில்லை. கேளம்பாக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில், முகம் தெரியாதவர்கள் எழுதி வைத்ததையெல்லாம் நம்பி அடுக்கி வைப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஐம்பத்து நான்கு வயது மனிதர், அதே நூலகத்தைத் தினமும் தன் கண் முன்னால் பெருக்கித் துடைக்கிற பெண் சொன்னதை மட்டும் நம்ப மறுத்தார். ஏன் மறுத்தோம் என்று யோசிக்கிற நாளெல்லாம் அவருக்குத் தன் மேலேயே ஓர் இளக்காரம் வரும். அப்படியும் நம்பவில்லை. அவள் மூன்று தடவை சொன்னாள், மூன்று தடவையும் ஒரு சொல்கூட மாற்றாமல் சொன்னாள், அது வேறு அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது.

அவள் சொன்னது இது.

பழைய மாமல்லபுரம் சாலையில், பெயர் 'லேக்' என்று முடிகிற ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தது. ஏரி எங்கே என்று கேட்ட விருந்தாளிகளிடம், ஏரியின் மேல் நின்றுகொண்டுதான் கேட்கிறீர்கள் என்று யாரும் சொன்னதில்லை. நான்கு டவர், முன்னூற்றுப் பதினெட்டு வீடு. அங்கே தீபாவளி வெடிக்கு நேரம் குறித்திருந்தார்கள், பொங்கல் பானைக்குத் தரையில் கரி பிடிக்கும் என்று ஜெனரேட்டர் பக்கத்தில் ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள், ஆனால் அக்டோபர் முப்பத்தொன்று ஹாலோவீனுக்கு மட்டும் மூலையும் கிடையாது, நேரமும் கிடையாது, மொத்த இடமும் அதற்குத்தான். குழந்தைகள் வரலாம் என்று சம்மதிக்கிற வீடுகள் கதவில் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சூனியக்காரியும் எலும்புக்கூடும் ரத்தக் காட்டேரியுமாக வேஷம் கட்டிய பிள்ளைகள், கையில் பிளாஸ்டிக் வாளியோடு, பின்னால் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வரும் அம்மாக்களோடு, வீடு வீடாக மணி அடித்து, கொடுக்கிறாயா, குறும்பு செய்யட்டுமா என்று இங்கிலீஷில் கேட்பார்கள். கொடுத்ததை லிஃப்டுக்குள்ளேயே கொட்டி, எந்த வீட்டில் வெளிநாட்டுச் சாக்லேட், எந்த வீட்டில் கடலை மிட்டாய் என்று தரம் பிரிப்பார்கள். கடலை மிட்டாய் படிக்கட்டில் கிடக்கும். மறுநாள் அதைக் கூட்டி அள்ளுவது சி டவரின் துப்புரவு வேலையில் இருந்த செங்கேணி.

"சோறு இல்லாத புள்ளைங்க கையேந்திப் பாத்திருக்கேன் சார்," என்பாள். "ஃபிரிட்ஜ் நெறைய வெச்சிக்கினு ஏந்தறத அங்கதான் பாத்தேன். குடுக்கறவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. கொழந்த போனதும் கதவ சாத்திட்டு, 'போன வருஷத்தவிட இந்த வருஷம் கம்மியாதான் வந்துச்சுங்க, நம்ம வீட்ட தாண்டிப் போயிடுச்சுங்க'ன்னு மூஞ்சி தொங்கிப் போயிடும்."

ஸ்டிக்கர் ஒட்டாத வீடு ஒன்றே ஒன்று. பி டவரில் ஓய்வுபெற்ற வருமான வரி அதிகாரி விநாயகமூர்த்தி, கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்: இது நம் பண்பாடு அல்ல, மணி அடிக்க வேண்டாம். அன்று மாலை முழுக்க அவர் கதவுக்குப் பின்னால் நின்று, கதவில் இருந்த சிறு துளை வழியாக, அடிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பண்பாட்டைக் காக்கிற முகம் எதுவென்றும் ஏங்குகிற முகம் எதுவென்றும் அந்தத் துளைக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. ஹாலோவீன் கமிட்டித் தலைவி, சி டவர் எழுநூற்று மூன்றில் குடியிருந்த ஷர்மிளா, எங்கிருந்தோ வரவழைத்த ஏழு ஆரஞ்சுப் பூசணிகளும் கிளப் ஹவுஸ் வராந்தாவில் நனைந்து, முப்பதாம் தேதி காலையில் கூழாகிக் கிடந்தன. தலையில் கை வைத்துக்கொண்டு நின்ற ஷர்மிளா அண்ணாந்து பார்த்தாள். சி டவரின் நெற்றியில், இரண்டாம் மாடி உயரத்தில், ஒரு திருஷ்டிப் பூசணி தொங்கிக்கொண்டிருந்தது.

கட்டடம் எழும்பும்போது மேஸ்திரிகள் கட்டியது அது. முறுக்கிய மீசை, கோரைப்பல், துருத்திய நாக்கு, உருட்டிய விழிகள் என்று சுண்ணாம்பிலும் சிவப்பிலும் முகம் எழுதிய வெள்ளைப் பூசணி. வேலை முடிந்ததும் இறக்கிக் குங்குமம் தடவி, வாசலில் திருஷ்டி சுற்றி, ரோட்டில் போட்டு உடைத்திருக்க வேண்டும். சாவி கொடுக்கிற அவசரத்தில் கம்பெனிக்காரர்கள் மறந்து போனார்கள். நான்கு வருடமாக அது அங்கேயே தொங்கியது. அழுகவில்லை, வற்றவில்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருத்திருந்தது.

ஏணி வந்தது, பூசணி இறங்கியது. அதைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

"மேடம், அது திருஷ்டிப் பூசணிக்கா," என்றாள் செங்கேணி.

"தெரியும்மா. பேய் மூஞ்சி ஏற்கனவே வரைஞ்சே இருக்கு பாரு. நமக்கு வேலை மிச்சம்."

"அத்த ஒடைக்கோணும் மேடம். குடையக் கூடாது."

"உடைச்சிட்டா உள்ள எப்படி மெழுகுவத்தி வைக்கிறதாம்?" என்றாள் ஷர்மிளா. கமிட்டிப் பெண்கள் சிரித்தார்கள்.

அந்தப் பக்கமாக நடைப்பயிற்சி போன விநாயகமூர்த்தி நின்றார். "நம்ம சாஸ்திரத்துல..." என்று ஆரம்பித்தார்.

"அங்கிள், உங்க வீட்டுக்கு நாங்க வரல. வாக்கிங் போங்க."

அவர் போனார். பூசணியின் உச்சியை வட்டமாக அறுத்தார்கள். எழுதியிருந்த கண்களையும் வாயையும் கத்தியால் தோண்டி எடுத்தார்கள். உள்ளே சதையும் இல்லை, விதையும் இல்லை, துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. பார் எவ்வளவு சௌகரியம் என்று ஷர்மிளா சந்தோஷப்பட்டாள்.

முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணிக்கு, எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நின்று கைதட்ட, உள்ளே மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஏற்றியதும், மழை விட்ட மண்ணிலிருந்து ஈசல் கிளம்புவதுபோல், பூசணியின் கண் துளை வழியாகவும் வாய்த் துளை வழியாகவும் கண்கள் வெளியே வந்தன. இமையோடு, இமை முடியோடு, ஒவ்வொன்றும் ஒற்றைக் கண்ணாக, சத்தமில்லாமல், நூறாக, ஆயிரமாக. கிளப் ஹவுஸ் விளக்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, போக வேண்டிய இடம் தெரிந்தவை போல நான்கு டவர்களுக்குள்ளும் நுழைந்தன. யாரும் அலறவில்லை. "செம எஃபெக்ட்! யாரு அரேஞ்ச் பண்ணது?" என்று ஒருவர் கேட்டார். ஷர்மிளா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கமிட்டிதான்," என்றாள்.

மேஸ்திரிகள் கட்டித் தொங்கவிட்ட நாளிலிருந்து அந்தக் கட்டடத்தின் மேலும் அதற்குள் இருந்த பொருட்களின் மேலும் விழுந்த ஆசைப் பார்வையெல்லாம் அந்தப் பூசணி தன்மேல் வாங்கி வைத்திருந்தது. வெளியே வந்த ஒவ்வொரு கண்ணும், தான் எந்தப் பொருளைப் பார்த்து ஏங்கியதோ அந்தப் பொருளின் மேல் போய் உட்கார்ந்தது. காரின் மேல் உட்கார்ந்தது, கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரிட்ஜின் மேல் உட்கார்ந்தது, தேக்கு ஊஞ்சலின் மேல், பியானோவின் மேல், கிரிக்கெட் மட்டையின் மேல், கல்யாண ஆல்பத்தின் மேல். உட்கார்ந்து, சிமிட்டி, பார்த்துக்கொண்டே இருந்தது. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மூடித் தூங்கியது. துடைத்தால் போகவில்லை.

முதல் நாள் சங்கடப்பட்டார்கள். இரண்டாம் நாள் எண்ணத் தொடங்கினார்கள். ஏ டவர் ஆயிரத்து நூற்று நான்கின் காரில் நாற்பத்து மூன்று கண்கள் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை, தரையில் படுத்துக்கொண்டு, அடிப்பக்கம் வரைக்கும் தேடி, பன்னிரண்டைத் தாண்ட முடியாமல், அன்றிரவு சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், கண்களைப் பன்னீர் நனைத்த மென்துணியால் மட்டுமே ஒற்றி எடுக்க வேண்டும் என்று துப்புரவுப் பெண்களுக்குச் சுற்றறிக்கை வந்தது. ஹாலோவீன் வேஷத்தைப் பிள்ளைகள் கழற்றவே இல்லை. தினம் மாலையில் அதே வாளிகளோடு வீடு வீடாக மணி அடித்தார்கள், இப்போது சாக்லேட் கேட்கவில்லை, "உங்க வீட்ல எத்தனை கண்ணு?" என்று கேட்டார்கள். குறைந்த வீடுகளை லிஃப்டுக்குள் பெயர் சொல்லிச் சிரித்தார்கள். படுக்கை விரிப்பில் மையால் கண் வரைந்துவைத்து மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம், அடுத்த மாதமே வீட்டை விற்கப் பேச்சு நடத்தியது.

விநாயகமூர்த்தி வீட்டில் ஒரு கண்கூட இல்லை. நான்காம் நாள் கதவில் இருந்த தாளைக் கிழித்தார். ஐந்தாம் நாள் கதவை விரியத் திறந்துவைத்து, கூடத்து மேசையில் ஒரு தட்டு நிறைய வெளிநாட்டுச் சாக்லேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் சாக்லேட்டை எடுத்தார்கள், சோபாவை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் பால்காரரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, "உட்காருப்பா, நல்லாப் பாரு, ரோஸ்வுட்," என்றார். பால்காரர் பார்த்தார். "மூட்டப்பூச்சி வரும் சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாருடைய கண்கள் என்று மட்டும் முன்னூற்றுப் பதினெட்டு வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாதவர்களுக்குத் தெரிந்திருந்தது. தன்னுடைய மாறுகண் மிக்ஸியின் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த சமையல்காரி திலகவதி, யாரும் வாய் திறப்பதற்கு முன்பே, "அது எங்கண்ணு இல்லம்மா, சாமி சத்தியமா இல்ல," என்று அழுதாள். சாய்வு நாற்காலி ஒன்றில் காவலாளியின் கண், அங்கேயும் பாதி மூடித் தூங்கியபடி இருந்தது. வேலைக்காரர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டே நடக்கப் பழகினார்கள். தன்னுடைய கண் எங்கேயும் இல்லை என்று செங்கேணி இன்றைக்கும் சொல்கிறாள். இதை மட்டும் நூலகர் எப்போதும் நம்பப் போவதில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது வேறொருவரின் கண்.

அவள் புருஷன் எத்திராஜ் அதே சி டவரில் டைல்ஸ் வேலை செய்தவன். சாவி கொடுப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது சாரம் சரிந்து விழுந்து செத்தவன். பன்னிரண்டு வருடம் அவளோடு வாழ்ந்தவன், அவளைத் தலை நிமிர்ந்து நேராகப் பார்த்த நாட்களை அவள் விரல்விட்டு எண்ணிவிடுவாள். எதுவுமே கேட்க மாட்டான். சட்டை எடுக்கட்டுமா என்றால் வாணாம், கறி வாங்கட்டுமா என்றால் வாணாம். "எனக்கு இன்னா வேணும், ஒண்ணும் வாணாம்," என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவான். ஒன்றும் வேண்டாதவனுக்கு நானும் வேண்டாதவள்தானே என்று அவள் பன்னிரண்டு வருடம் சண்டை போட்டாள். அவனுடைய ஒரே புகைப்படம் வாக்காளர் அட்டையில் இருந்தது, அதிலும் கண்ணை மூடியிருந்தான்.

ஏழாம் நாள், ஹாலோவீன் தோரணங்களைப் பெட்டியில் கட்டி எழுநூற்று மூன்றின் பெரிய குளியலறையில் வைக்கச் சொன்னாள் ஷர்மிளா. அங்கே ஒரு குளியல் தொட்டி இருந்தது. வெள்ளையாக, வழவழவென்று, ஆள் நீட்டிப் படுக்கிற நீளம். குடிவந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அதில் குளித்ததில்லை, நேரமில்லை. உள்ளே போன வருடத்துச் சூனியக்காரித் தொப்பிகள், பிளாஸ்டிக் எலும்புகள், அட்டைப் பெட்டிகள். இடம் பண்ணுவதற்காக ஒரு பெட்டியை நகர்த்தினாள் செங்கேணி. தொட்டியின் விளிம்பில் ஒரு கண் இருந்தது.

நீண்ட இமை முடி. வெள்ளை விழியின் ஓரத்தில், என்றோ சுண்ணாம்பு தெறித்து மாறாமல் நின்றுவிட்ட சிவப்புப் புள்ளி.

"யோவ்," என்றாள்.

அது தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யோவ், நாந்தான். இங்க பாரு."

கண் சிமிட்டியது, திரும்பவில்லை. தொட்டியையே பார்த்தது. அந்தத் தொட்டியைப் பதித்தது அவன்தான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து கையைக் காட்டி, எட்டு பேர் தூக்கி வந்தோம் என்று மட்டும் சொன்னான். எதையும் கேட்காத ஆள், எட்டு பேர் தூக்கிய தொட்டியில் ஒரு நாள் படுத்துக் குளிக்க ஆசைப்பட்டிருக்கிறான். சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "இத்த எங்கிட்ட சொல்லக் கூடாதாய்யா," என்று கேட்டாள். பிறகு பெட்டியைப் பழைய இடத்துக்கே நகர்த்தி மறைத்துவிட்டு வெளியே வந்தாள். சொன்னால் ஷர்மிளா வீட்டுக் கண் கணக்கில் பதினேழு பதினெட்டாகிவிடும், பிள்ளைகள் வாளியோடு வந்து பார்ப்பார்கள், விருந்தாளிகள் படம் எடுப்பார்கள்.

அன்றிலிருந்து தினம் ஒரு காரணம் சொல்லிக் குளியலறைக்குள் போனாள். பெட்டியை விலக்குவாள், எதிரில் குந்துவாள், நாலு வார்த்தை பேசுவாள், திட்டுவாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது தன்னை நேராகப் பார்த்துவிட்டால் போதும் என்று அவளுக்கு ஆகிவிட்டது. அது தொட்டியை விட்டுத் திரும்பவே இல்லை.

அதற்குள் கண் பட்டதன் வேலை ஆரம்பித்திருந்தது. ஊஞ்சல் சங்கிலி அறுந்தது. பியானோவில் பூஞ்சை பூத்தது. நாற்பத்து மூன்று கண் வைத்திருந்த கார் பட்டப்பகலில் நின்ற இடத்தில் நான்கு டயரும் உட்கார்ந்தது. யாரோ ஒருவருடைய மாப்பிள்ளைக்கு அமெரிக்க விசா மறுத்தார்கள். கண் அதிகம் உள்ளவர்கள், எங்களுக்குத்தான் அதிக நஷ்டம் என்று முதலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள், பிறகு பயந்தார்கள். வாட்ஸ்ஆப்பில் ஓட்டெடுப்பு நடந்தது. குடைந்த பூசணியை முறைப்படி உடைத்துவிடலாம் என்று இருநூற்றுப் பதினொரு ஓட்டு. வேண்டாம், எங்கள் வீட்டுக்கு இப்போதுதான் ஒன்று வந்திருக்கிறது என்று மீதிப் பேர். அந்த மீதியில் விநாயகமூர்த்தியும் ஒருவர். பால்காரரின் இளக்காரப் பார்வை கடைசியில் எப்படியோ அவருடைய குடை ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்திருந்தது, அதற்கு அவர் தினம் இரண்டு வேளை பன்னீர் ஒற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு உடைப்பது என்று முடிவானது. குருக்கள் ஒருவர், டிஜே ஒருவர். முன்னூற்றுப் பதினெட்டு வீடும் வாசல் கேட்டில் கூடியது. பிள்ளைகள் வேஷத்திலேயே வந்தார்கள், ஏனென்றால் இதையும் படம் எடுப்பார்கள்.

எழுநூற்று மூன்றின் சாவி செங்கேணியிடம் இருந்தது. பத்து மணிக்கு உள்ளே போனாள். தொட்டியில் இருந்த அட்டைப் பெட்டிகளையும் எலும்புகளையும் தொப்பிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடத்தில் போட்டாள். நான்கு வருடத் தூசியைத் தேய்த்துக் கழுவினாள். குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டி நிரம்ப நேரமாகும் என்று அவளுக்குத் தெரியாது, பாதிதான் நிறைந்திருந்தது, கீழே மைக்கில் குருக்களின் குரல் கேட்கத் தொடங்கிவிட்டது. கம்பெனி கொடுத்த நீலப் புடவையோடு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையோடு, காலை எடுத்துவைத்து உள்ளே இறங்கி, நீட்டிப் படுத்தாள். தண்ணீர் காதுக்கு ஏறியது. கண்ணுக்கு நேராகக் கண் இருந்தது.

"பாருய்யா," என்றாள்.

அது தொட்டியைத்தானே பார்க்கும். தொட்டிக்குள் இப்போது அவள் இருந்தாள்.

கீழே பூசணி உடைந்த சத்தம் ஏழாம் மாடிக்குக் கேட்டது. நான்கு டவரிலும் கண்கள் ஒரே நேரத்தில் போயின. ஈரப் புடவையோடு கூடத்தில் நின்றவளைப் பார்த்த ஷர்மிளா, "உனக்கு என்ன தைரியம்!" என்றாள். அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். தொட்டியை மூன்று தடவை மருந்து ஊற்றிக் கழுவினார்கள், பெட்டிகளைத் திரும்ப அடுக்கினார்கள். மறு வருடம் கமிட்டி, முன்னெச்சரிக்கையாக, பிளாஸ்டிக் பூசணி வாங்கியது.

இதுதான் அவள் சொன்னது. நூலகர் கோதண்டபாணி ஒரு தடவை அந்தக் குடியிருப்புக்கே போய் விசாரித்தார். "அது அந்த வருஷத்து தீம் சார்," என்றார்கள். வெள்ளைப் பூசணி நான்கு வருடம் கெடாமல் இருக்காது என்று புத்தகத்தில் எடுத்துக் காட்டினார், "உங்க புஸ்தகம் அத்தப் பாக்கல," என்றாள் அவள். புருஷன் செத்த துக்கம் இப்படியெல்லாம் கற்பனை பண்ண வைக்கும் என்று தனக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டார். அந்த விளக்கம் அவருக்கே பிடிக்கவில்லை. ஆயிரத்தெட்டுக் கேள்விகள் வைத்திருந்தார். எத்தனை கண்கள், சாட்சி யார், அந்தக் கண் உன்னைப் பார்த்தது என்று எப்படித் தெரியும்.

சென்ற வாரம், மாணவர்கள் இல்லாத ஒரு பிற்பகலில், அவள் மேசையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றபோது, அந்தக் கேள்விகள் ஒன்றும் வாயில் வரவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"செங்கேணி, அன்னிக்குத் தொட்டியில... வெந்நீரா, பச்சத் தண்ணியா?"